போலந்திலிருந்து கனடாவுக்கு: மூட்டை கட்டும் முன்பும் இறங்கிய பின்பும்

போலந்தின் கிராகு நகரில் ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டு டொராண்டோவின் கிழக்கே ஸ்கார்பரோவுக்குக் குடிவந்தவன் நான். இதே பாதையில் வரத் தயாராகும் நம் ஆட்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது போன் செய்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவரிடமும் முக்கால் மணி நேரம் பேசுவதை ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

போன் செய்பவர்களில் பலர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்: "போலிஷ்லயே சமாளிச்சாச்சு, கனடா இங்கிலீஷ்தானே, சுலபமா இருக்கும்ல?" மொழி விஷயத்தில் சரி. மற்றதில் அப்படி இல்லை. போலந்து முதல் மூன்று மாதம் பாடாய்ப் படுத்தும். ஆனால் பெசெல் என்ற தேசிய அடையாள எண் கைக்கு வந்து, வேலை ஒப்பந்தமும் ஓடத் தொடங்கிவிட்டால் மருத்துவம், விடுப்பு, வரி எல்லாம் தாமாகவே ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். கனடாவில் விமான நிலையத்திலேயே சிரித்து வரவேற்பார்கள். அதற்கப்புறம் கடன் வரலாறு, குடும்ப மருத்துவர், ஓட்டுநர் உரிமம் என்று ஒவ்வொன்றையும் நீங்களேதான் தனித்தனியாகத் தேடிப் பிடிக்க வேண்டும். யாரும் வந்து கேட்க மாட்டார்கள்.

நான் சொல்வது ஒண்டாரியோ மாகாணத்தை வைத்து. மருத்துவம், வாடகைச் சட்டம், ஓட்டுநர் உரிமம் எல்லாம் மாகாணத்தின் கையில் இருப்பவை. வேறு மாகாணம் போகிறவர்கள் அந்த ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: போலந்தில் இருக்கும்போதே வாங்க வேண்டிய காகிதங்கள்

இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போன பிறகு ஒரு போலந்து அலுவலகத்திலிருந்து முத்திரை வாங்குவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும்.

வேலையை விடும்போது நிறுவனம் 'ஸ்வியாதெத்ஸ்த்வோ ப்ராத்ஸி' என்ற வேலைச் சான்று தரும். சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன ஒப்பந்தம், எத்தனை நாள் விடுப்பு என்றெல்லாம் அதில் இருக்கும். பதவியின் பெயரும் இருக்கும், ஆனால் அதில் என்னென்ன பொறுப்புகளைப் பார்த்தீர்கள் என்ற விவரம் இருக்காது. கனடா குடிவரவுத் துறைக்கு வேண்டியதோ அதுதான்: பொறுப்புகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், மேலதிகாரியின் கையெழுத்து, எல்லாம் நிறுவனத்தின் கடிதத் தாளில். போலந்து மனிதவளத் துறையில் இப்படி ஒரு கடிதம் கேட்டால், "அதான் ஸ்வியாதெத்ஸ்த்வோ கொடுத்தோமே" என்று விழிப்பார்கள். மாதிரிக் கடிதம் ஒன்றை நீங்களே தட்டச்சு செய்து கையில் கொண்டு போய்விடுங்கள். கையெழுத்து மட்டும் போடச் சொன்னால் போட்டுவிடுவார்கள்.

அடுத்தது குற்றப் பதிவு இல்லை என்ற சான்று. கடந்த பத்து வருடத்தில் ஒரு நாட்டில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அந்த நாட்டின் சான்றை கனடா கேட்கும். போலந்தில் இதை தேசியக் குற்றப் பதிவேட்டிலிருந்து வாங்க வேண்டும். அங்கே இருக்கும்போதே நேரில் போய் வாங்கிவிடலாம். போலிஷில் இருக்கும் எல்லாக் காகிதத்தையும் சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலமாக்கிக்கொள்ளுங்கள். அவர் முத்திரை இல்லாத மொழிபெயர்ப்பு செல்லாது.

குழந்தை போலந்தில் பிறந்திருந்தால் பிறப்புச் சான்றின் பன்மொழிப் பிரதியை இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் கொடுத்த குழந்தையின் உடல்நலப் புத்தகத்தைத் தொலைத்துவிடாதீர்கள். ஒண்டாரியோவில் பள்ளி சேர்ந்த குழந்தைகளின் தடுப்பூசிப் பதிவை பொதுச் சுகாதாரத் துறை கேட்கும். 2010இலும் அதற்குப் பிறகும் பிறந்த குழந்தைகளுக்குச் சின்னம்மை ஊசியும் அந்தப் பட்டியலில் உண்டு. போலந்தில் அது எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாயமில்லை என்பதால் விட்டுப்போயிருக்கக் கூடும், ஒருமுறை பாருங்கள்.

கார் வைத்திருந்தால், விபத்து இழப்பீடு கேட்கவில்லை என்று காப்பீட்டு நிறுவனத்திடம் ஒரு கடிதம் வாங்குங்கள். டொராண்டோ பக்கம் கார்க் காப்பீட்டுத் தொகையைக் கேட்டால் தலை சுற்றும். எல்லா நிறுவனமும் வெளிநாட்டு வரலாற்றை ஏற்காது, ஏற்கும் ஒன்று கிடைத்தால் லாபம். ஸூஸ் என்கிற சமூகக் காப்பீட்டுக்குக் கட்டிய பணத்தின் விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள். இரு நாடுகளுக்கும் இடையே 2009 முதல் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. பிற்காலத்தில் ஓய்வூதியத் தகுதியைக் கணக்கிட இரண்டு நாட்டு வருடங்களையும் சேர்த்துப் பார்க்க அது வழி செய்கிறது.

படி 2: வேலையை விடுவதற்குத் தேதி பாருங்கள்

போலந்தில் நிரந்தர ஒப்பந்தத்தில் மூன்று வருடம் தாண்டிவிட்டால் முன்னறிவிப்புக் காலம் மூன்று மாதம். அதுவும் மாதக் கடைசி நாளில்தான் முடியும். மார்ச் 31ஆம் தேதி கடிதம் கொடுத்தால் ஜூன் 30 அன்று விடுதலை. ஏப்ரல் 1ஆம் தேதி கொடுத்தால் ஜூலை 31. ஒரு நாள் தாமதத்துக்கு ஒரு மாதம்! இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் குறைக்கலாம், ஆனால் அதை நம்பி விமான டிக்கெட் போடாதீர்கள்.

கனடாவில் ஊழியர் வேலையை விடும்போது பொதுவாக இரண்டு வார அறிவிப்புதான் வழக்கம். கனடா நிறுவனத்திடம் "மூன்று மாதம் கழித்துத்தான் வர முடியும்" என்று சொன்னால், ஏதோ சாக்குச் சொல்கிறீர்கள் என்று நினைப்பார்கள். காரணத்தை விளக்கிச் சொல்லுங்கள்.

படி 3: கிளம்பும் வாரம்

வீட்டை ஒப்படைக்கும்போது, குடிபுகுந்த நாளில் எழுதிய ஒப்படைப்புப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாகப் பாருங்கள். மீட்டர் அளவுகளைப் படம் எடுங்கள். 'கௌத்ஸ்யா' என்ற முன்பணம் திரும்பி வர ஒரு மாதம்கூட ஆகலாம். அதனால்தான் போலந்து வங்கிக் கணக்கை உடனே மூடாதீர்கள் என்கிறேன். நான் மூடிவிட்டேன். முன்பணமும் திரும்ப வரவேண்டிய வரிப் பணமும் போக இடம் இல்லாமல் நண்பர் ஒருவர் கணக்கைத் தேடி அலைந்தது தனிக் கதை.

போலந்துக் கைபேசி எண்ணையும் ப்ரீபெய்டாக மாற்றி உயிரோடு வைத்திருங்கள். வங்கியும் அரசு இணையதளங்களும் குறுஞ்செய்திக் குறியீடு அனுப்புவது அந்த எண்ணுக்குத்தான். வரிக் கணக்குக்கு அது வேண்டும், கடைசியில் சொல்கிறேன். நகராட்சி அலுவலகத்தில் முகவரிப் பதிவை நீக்கிவிட்டு, குழந்தைக்கு மாதம் 800 ஸ்வோத்தி (போலந்து நாணயம்) உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தால் நாட்டை விட்டுப் போவதை ஸூஸுக்குத் தெரிவியுங்கள். தெரிவிக்காமல் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

மூட்டையில் என்ன வைப்பது? மிக்ஸி, குக்கர் மட்டும் வேண்டாம். ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸி போலந்தில் ஒரு சின்ன பிளக் மாற்றியோடு ஜோராக ஓடியிருக்கும். அங்கேயும் 230 வோல்ட், நம் ஊரிலும் 230 வோல்ட். கனடாவில் 120. நாங்கள் பாசத்தோடு சுமந்து வந்த மின்சார ரைஸ் குக்கரை இங்கே செருகினால் கால் பங்குச் சூடுதான் வந்தது. அரிசி ஊறியதே தவிர வேகவில்லை. 110 வோல்ட் மிக்ஸியும் கிரைண்டரும் ஸ்கார்பரோ தமிழ்க் கடைகளிலேயே கிடைக்கும். கூடவே கொண்டுவர முடியாமல் பின்னால் கப்பலில் வரும் பொருட்கள் இருந்தால், இறங்கும் அன்றே சுங்கத்தில் அந்தப் பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும். கையில் 10,000 கனடா டாலர் மதிப்போ அதற்கு மேலோ இருந்தால் அறிவிக்க வேண்டும். அறிவிப்பதற்கு வரி எதுவும் இல்லை, மறைத்தால்தான் தொல்லை.

படி 4: முதல் வாரம், இரண்டு எண்கள்

போலந்தில் பெசெல், கனடாவில் சின் என்கிற சமூகக் காப்பீட்டு எண். இரண்டும் அடையாள எண்கள்தான், பழகும் விதம்தான் நேர் எதிர். பதினோரு இலக்க பெசெலில் உங்கள் பிறந்த தேதியே ஒளிந்திருக்கும். மருந்துக் கடை, மருத்துவமனை என்று எங்கே கேட்டாலும் சொல்லிப் பழகியிருப்பீர்கள். எனக்கு என் கைபேசி எண்ணைவிட அது மனப்பாடம். ஒன்பது இலக்க சின்னை அப்படிச் சொல்லித் திரியாதீர்கள். வேலை கொடுப்பவர், வங்கி, வரித்துறை, அரசு உதவித் திட்டங்கள், அவ்வளவுதான். வீட்டுக்காரர் கேட்டால் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. எண் இருக்கும் கடிதத்தைப் பர்ஸில் வைத்துக்கொண்டு அலையவும் வேண்டாம். அந்த எண் வேறு ஒருவர் கையில் சிக்கினால் உங்கள் பெயரில் கடன் வாங்க முடியும்.

சின் வாங்கிய கையோடு மாகாண மருத்துவ அட்டைக்கு விண்ணப்பியுங்கள். ஒண்டாரியோவில் முன்பு இருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020இல் எடுக்கப்பட்டுவிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் காத்திருப்பு இன்னும் உண்டு, அங்கே போகிறவர்கள் இடைக்காலக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வங்கி. போலந்தில் பிளிக் என்ற கைபேசிப் பணம் செலுத்தும் முறை பழகியவர்களுக்கு இங்கே கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆறு இலக்கக் குறியீடு, இரண்டு நிமிடத்துக்குள் கடையிலும் இணையத்திலும் ஏ.டி.எம்.மிலும் வேலை முடிந்துவிடும் அந்தச் சொகுசு கனடாவில் இல்லை. இன்டராக் என்ற வங்கிச் சேவை மூலம் மின்னஞ்சல் முகவரிக்குப் பணம் அனுப்புவார்கள். காசோலை இன்னும் சாகவில்லை. முதல் வீட்டுக்காரர் காசோலை கேட்டபோது நான் அதை எழுதவே மறந்திருந்தேன்.

வங்கியில் கணக்குத் திறக்கும் அன்றே சின்ன வரம்புள்ள கடன் அட்டை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். தேவையில்லை என்று தள்ளிப் போடாதீர்கள். கனடாவில் உங்கள் கடன் மதிப்பெண் 300இலிருந்து 900 வரை ஓர் எண். போலந்தில் எத்தனை வருடம் ஒழுங்காகக் கட்டினாலும் அந்தக் கணக்கு இங்கே வராது. வாடகை வீடு, கைபேசித் திட்டம், கார்க் கடன் எல்லாவற்றுக்கும் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். மளிகைச் செலவை மட்டும் அட்டையில் போட்டு மாதா மாதம் முழுவதையும் கட்டிவிடுங்கள். கடன் வாங்காமல் வாழ்வதைப் பெருமையாக நினைத்து வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும்.

படி 5: வீடு

போலந்தில் வாடகை விளம்பரம் பார்த்தவர்களுக்கு 'சின்ஷ்' குழப்பம் தெரிந்திருக்கும்: வீட்டுக்காரருக்கு ஒரு தொகை, கட்டட நிர்வாகத்துக்கு ஒரு தொகை, மின்சாரம், எரிவாயு தனி. கனடா விளம்பரத்தில் கேட்க வேண்டிய கேள்வி, எதெல்லாம் வாடகைக்குள் அடக்கம் என்பது. 'ஹைட்ரோ தனி' என்று போட்டிருந்தால் தண்ணீர் என்று நினைக்காதீர்கள். ஒண்டாரியோவில் ஹைட்ரோ என்றால் மின்சாரம்.

ஒண்டாரியோவில் முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் முன்னால் கேட்கலாம். சேதத்துக்கென்று தனி முன்பணம் வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. 'ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கொடு' என்று வற்புறுத்தவும் முடியாது. ஆனாலும் வேலையும் கடன் வரலாறும் இல்லாமல் வந்து இறங்கும் புதியவர்கள் தாங்களாகவே முன்வந்து கொடுப்பது நடக்கிறது. வீட்டை நேரில் பார்க்காமல் மட்டும் ஒரு காசும் அனுப்பாதீர்கள். இன்னொரு விஷயம்: 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறப்பட்ட வீடுகளுக்கு வருடாந்தர வாடகை உயர்வு வரம்பு பொருந்தாது. பளபளவென்று புதுக் கட்டடம் பார்த்து மயங்குவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

நம் ஆட்களில் பலர் முதலில் இறங்குவது ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில்தான். மலிவு. ஆனால் மூன்று கேள்வி கேளுங்கள்: வாசல் தனியா, சன்னல் ஆள் வெளியேறும் அளவு இருக்கிறதா, பனி அள்ளுவது யார் பொறுப்பு. மூன்றாவதை நவம்பரிலேயே கேட்க வேண்டும். ஜனவரியில் கேட்டால் மண்வெட்டியைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

துணி துவைக்கும் இயந்திரம் கிராகுவில் குளியலறைக்குள்ளேயே நின்றது. இங்கே பழைய அடுக்குமாடிகளில் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும், முறை பார்த்து இறங்க வேண்டும். மாடி எண்ணிக்கையிலும் ஒரு சிக்கல். போலந்தில் தரைத்தளம் 'பார்தெர்', அதற்கு மேல்தான் ஒன்று. கனடாவில் தரைத்தளமே ஒன்று. மூன்றாவது மாடி என்று நம்பி நான் நாலாவது மாடிக் கதவைத் தட்டி நின்றிருக்கிறேன்.

படி 6: கடையும் காசும்

போலந்தில் விலைச்சீட்டில் 19.99 என்று இருந்தால் கொடுக்க வேண்டியது 19.99. கனடாவில் அதற்கு மேல் ஒண்டாரியோவில் 13 சதவீத வரி கல்லாவில் ஏறும். அரிசி, பால், காய்கறி போன்ற அடிப்படை உணவுக்கு வரி இல்லை. ரொக்கமாகக் கொடுத்தால் ஐந்து சென்ட்டுக்கு முழுமையாக்குவார்கள், ஒரு சென்ட் நாணயம் 2013லேயே புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டுவிட்டது.

உணவகத்தில் போலந்துப் பழக்கம் வேறு. அங்கே பத்து சதவீதம் கொடுத்தால் தாராளம், கொடுக்காவிட்டாலும் யாரும் முறைக்க மாட்டார்கள். ஒரே பொறி: பணத்தை நீட்டும்போது 'ஜென்குயே', அதாவது நன்றி, என்று சொல்லிவிட்டால் மீதியை வைத்துக்கொள் என்று அர்த்தம். முதல் மாதம் 60 ஸ்வோத்தி சாப்பாட்டுக்கு நூறு கொடுத்து மரியாதையாக ஜென்குயே சொன்னேன். பரிமாறிய பெண்மணிக்கு அன்று முகமெல்லாம் மலர்ச்சி. கனடாவில் அட்டை இயந்திரமே 15, 18, 20 என்று காட்டிக்கொண்டு நிற்கும். உட்கார்ந்து சாப்பிட்டால் 15 சதவீதமாவது எதிர்பார்க்கிறார்கள். நின்று காபி வாங்கிப் போவதற்கும் இயந்திரம் கேட்கும், அங்கே பூஜ்யம் போட்டால் தப்பில்லை. எனக்கு இன்னும் கை கூசத்தான் செய்கிறது.

தயிர்ப் பிரியர்களுக்கு போலந்து ஒரு சொர்க்கம் என்பதை அங்கிருந்து வந்த பிறகுதான் உணர்ந்தேன். 'மஷ்லான்கா' நம் மோரேதான். 'த்வாருக்' பனீருக்கு அக்கா தங்கை முறை. உருளைக்கிழங்கும் த்வாருக்கும் வைத்த பியெரோகி என்ற கொழுக்கட்டை, சைவக்காரர்களைப் பல மதியங்களில் காப்பாற்றியது. ஸ்கார்பரோவில் முருங்கைக்கீரை, கொத்து ரொட்டி, இடியாப்பம் எல்லாம் நடை தூரத்தில் உண்டு. பால் மட்டும் நாலு லிட்டர் மூட்டையாக, உள்ளே மூன்று பிளாஸ்டிக் பைகளாக வரும். பையை ஜாடியில் நிறுத்தி மூலையைக் கத்தரிக்க வேண்டும். போலந்து நண்பர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். நமக்கோ ஆவின் பாக்கெட் நினைவு.

ஞாயிற்றுக்கிழமை பற்றிச் சொல்ல வேண்டும். போலந்தில் 2018 முதல் படிப்படியாக ஞாயிறு வியாபாரத்தைத் தடுத்தார்கள். வருடத்தில் விரல்விட்டு எண்ணும் ஞாயிறுகள் தவிர பெரிய கடைகள் மூடியே இருக்கும். முக்குக் கடை ஜாப்கா மட்டும் சந்துபொந்து கண்டுபிடித்துத் திறந்திருக்கும். சனிக்கிழமை மாலை பியெட்ரோன்கா சூப்பர் மார்க்கெட்டில் வண்டி தள்ளி இடித்துக்கொண்டு நின்றவர்கள் கனடாவிலும் கொஞ்ச நாள் அதே பதற்றத்தோடு சனிக்கிழமை கடைக்கு ஓடுவார்கள். தேவையே இல்லை.

படி 7: உடம்புக்கு முடியாவிட்டால்

இங்கேதான் போலந்தை நினைத்து ஏங்குவீர்கள். அங்கே அரசு மருத்துவத்தில் சிறப்பு மருத்துவரைப் பார்க்க நீண்ட வரிசை என்பது உண்மை. ஆனால் வட்டார மருத்துவரிடம் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்துவிடலாம். பெரிய நிறுவனங்கள் தனியார் மருத்துவத் திட்டமும் கொடுக்கும். மருந்துச்சீட்டு நாலு இலக்கக் குறியீடாகக் கைபேசிக்கு வரும், எந்த ஊர் மருந்துக் கடையிலும் அதையும் பெசெலையும் சொன்னால் மருந்து.

ஒண்டாரியோவில் குடும்ப மருத்துவர் கிடைப்பதே பெரும்பாடு. வந்த முதல் மாதமே காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுங்கள், அக்கம்பக்கத்தில் புதிதாகத் திறக்கும் கிளினிக்குகளையும் கேட்டுக்கொண்டே இருங்கள். அதுவரை முன்பதிவு இல்லாமல் போகும் வாக்-இன் கிளினிக்தான் கதி. சின்னச் சின்ன உபாதைகளுக்கு, கண் சிவத்தல், சிறுநீர்த் தொற்று போன்றவற்றுக்கு, 2023 முதல் மருந்துக் கடைக்காரரே மருந்து எழுதித் தரலாம். இது பலருக்குத் தெரியாது. 811ஐ அழைத்தால் செவிலியர் ஒருவர் பேசுவார்.

பல், கண்ணாடி, மருந்து ஆகியவை பொதுவாக மாகாண அட்டைக்குள் வராது, நிறுவனக் காப்பீட்டில் பார்க்க வேண்டும். 24 வயது வரை உள்ளவர்களுக்குத் தனியார் காப்பீடு இல்லாவிட்டால் பெரும்பாலான மருந்துகளை ஒண்டாரியோ தருகிறது. நோய் விடுப்புதான் பெரிய இடி. போலந்தில் மருத்துவர் இணையத்தில் சான்று போட்ட நொடியில் 80 சதவீதச் சம்பளத்தோடு படுத்திருக்கலாம். ஒண்டாரியோ சட்டம் வருடத்துக்கு மூன்று நாள் நோய் விடுப்பு தருகிறது, அதுவும் சம்பளம் இல்லாமல். வங்கி, தொலைத்தொடர்பு போன்று மத்திய அரசின் கீழ் வரும் துறைகளில் பத்து நாள் சம்பளத்தோடு உண்டு. வேலைக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் இந்த வரியைத் தேடிப் படியுங்கள். ஆண்டு விடுப்பும் அப்படியே. போலந்தில் பட்டப்படிப்பே எட்டு வருடப் பணியாகக் கணக்காகி, சீக்கிரமே 26 நாள் கிடைத்துவிடும். ஒண்டாரியோவில் முதல் ஐந்து வருடம் குறைந்தபட்சம் இரண்டு வாரம்தான். சம்பளம் பேசும்போதே விடுப்பையும் பேசுங்கள். பேசினால் கிடைக்கும், கேட்காதவருக்குக் கிடைக்காது.

படி 8: பேச்சும் பழக்கமும்

போலந்தில் தெருவில் போகிறவரைப் பார்த்துச் சிரித்தால் சந்தேகமாகப் பார்ப்பார்கள். ஆனால் லிஃப்ட்டில் ஏறினால், மருத்துவர் அறை வாசலில் உட்கார்ந்தால், கடைக்குள் நுழைந்தால் 'ஜென் தோப்ரி', அதாவது வணக்கம், சொல்லியே ஆக வேண்டும். சொல்லாதவன் வளர்ப்பு சரியில்லாதவன். பெரியவர்களை 'பான்', 'பானி' என்று மரியாதையாகத்தான் அழைக்க வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிட அவர்கள் அனுமதி தர வேண்டும். நீ, நீங்கள் வித்தியாசத்தில் பிறந்த நமக்கு இது உடனே பிடிபட்டுவிடும். கனடாவில் எழுபது வயது மேலதிகாரியும் முதல் நாளே பெயர் சொல்லித்தான் கூப்பிடச் சொல்வார். எனக்கு ஆறு மாதம் நாக்கு எழவில்லை.

"எப்படி இருக்கிறீர்கள்?" என்று கனடாவில் கேட்பது கேள்வி இல்லை, வணக்கம். "நன்றாக இருக்கிறேன், நீங்கள்?" என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருக்க வேண்டும். போலந்தில் கேட்டால் முட்டிவலியிலிருந்து ஆரம்பித்துச் சொல்வார்கள், அல்லது 'ஸ்தாரா பியெதா' என்பார்கள். பழைய வறுமைதான் என்று பொருள். நம் "ஏதோ ஓடுது" போல. கனடாவில் யாராவது "ஒருநாள் காபி குடிக்கலாம்" என்றால் தேதி குறிக்கும் வரை அது காபி இல்லை.

மன்னிப்பும் அப்படித்தான். நீங்கள் அவர் காலை மிதித்தாலும் அவர்தான் மன்னிப்புக் கேட்பார். மன்னிப்புக் கேட்டதை நீதிமன்றத்தில் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒண்டாரியோவில் 2009இல் சட்டமே போட்டிருக்கிறார்கள்! அலுவலகத்தில்தான் இதனால் ஆபத்து. போலந்து மேலாளர் "இது தப்பு, திரும்பச் செய்" என்பார், வலிக்கும், ஆனால் புரியும். கனடா மேலாளர் "அருமையான தொடக்கம், ஒன்றிரண்டு விஷயம் யோசிக்கலாமோ" என்பார். அந்த ஒன்றிரண்டு விஷயம்தான் முழு வேலையும். முதல் மதிப்பாய்வில் பாராட்டு வாங்கினேன் என்று வீட்டில் பாயசம் வைத்தோம். இரண்டாவது மதிப்பாய்வில்தான் விஷயம் புரிந்தது.

விருந்துக்குப் போகும்போது இரு நாட்டிலும் செருப்பை வாசலில் கழற்றிவிடுவார்கள், அது ஓர் ஆறுதல். போலந்து வீட்டில் போட்டுக்கொள்ள 'காப்சியே' என்ற வீட்டுச் செருப்பு தருவார்கள். பூ கொண்டு போனால் ஒற்றைப்படை எண்ணிக்கை, இரட்டை சாவு வீட்டுக்கு. வாசற்படிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று கை குலுக்காதீர்கள். இலையை மூடினாலும் விடாத நம் அத்தைமாரைப் போலத் தட்டை நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். கனடாவில் "நீங்கள் என்ன கொண்டு வருகிறீர்கள்?" என்று கேட்பார்கள். ஆளுக்கொரு உணவு செய்துவரும் விருந்து அது. கோபித்துக்கொள்ளாதீர்கள், லெமன் சாதம் செய்து எடுத்துப் போங்கள். குழந்தைகள் பிறந்தநாள் அழைப்பில் முடியும் நேரமும் போட்டிருக்கும். அந்த நேரத்துக்குக் கிளம்பிவிட வேண்டும்.

ஸ்கார்பரோ வரும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இன்னொரு பழக்கமும் வேண்டும். கடையில் அண்ணை "என்ன தேடுறியள்?" என்று கேட்டால் புரியாமல் ஆங்கிலத்துக்குத் தாவாதீர்கள். இரண்டு வாரத்தில் நீங்களும் கதைக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

படி 9: சாலை

டொராண்டோவுக்குள் கார் இல்லாமல் சமாளிக்கலாம், புறநகரில் கஷ்டம். கிராகுவில் டிராமும் நடையும் போதுமாக இருந்தது. இங்கே பேருந்து, சுரங்க ரயில் எதிலும் அட்டையைத் தட்டினால் இரண்டு மணி நேரம் மாறி மாறிப் போகலாம்.

ஒண்டாரியோவில் குடியேறி 60 நாளுக்குள் உள்ளூர் உரிமம் எடுக்க வேண்டும், வெளிநாட்டு உரிமம் அதுவரைதான் செல்லும். இரு நாட்டிலும் வலப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஆனால் மூன்று வித்தியாசம் தேர்வில் காலை வாரும். போலந்தில் சிவப்பு விளக்கில் வலது திரும்ப பச்சை அம்புக்குறி வேண்டும். ஒண்டாரியோவில் தடைப்பலகை இல்லாவிட்டால் முழுதாக நிறுத்திவிட்டுத் திரும்பலாம். நாலு பக்கமும் நிறுத்தல் பலகை இருக்கும் சந்திப்பில் முதலில் வந்து நின்றவர் முதலில் போகிறார். மஞ்சள் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கு மின்ன நின்றால், நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் எதிர்த்திசை வண்டியும் நிற்க வேண்டும். முதல் தவறுக்கே 400 டாலரிலிருந்து 2,000 டாலர் வரை அபராதம், ஆறு புள்ளிகள்.

படி 10: முதல் இலையுதிர்காலம்

நாட்காட்டி ஒன்றாக இருந்தும் மனநிலை மாறும் நாட்கள் இவை. அக்டோபர் 31 இரவு கனடாத் தெருவில் பேய் வேடக் குழந்தைகள் மிட்டாய்க்குக் கதவு தட்டும். வாசல் விளக்கை எரியவிட்டால் மிட்டாய் உண்டு என்று அர்த்தம், இல்லாவிட்டால் அணைத்துவிடுங்கள். மறுநாள் நவம்பர் 1 போலந்தில் கல்லறை நாள். ஊரே குடும்பத்தோடு கல்லறைக்குப் போய் 'ஸ்னிச்' விளக்கு ஏற்றும். ஆயிரக்கணக்கான சுடர்கள் பனிமூட்டத்தில் ஒளிர்வதைக் கிராகுவின் ரகோவித்ஸ்கி கல்லறையில் பார்த்தபோது, கார்த்திகை தீபம்தான் நினைவுக்கு வந்தது.

நவம்பர் 11 இன்னும் கவனம். போலந்துக்கு அது 1918இல் விடுதலை கிடைத்த நாள், கொடி, ஊர்வலம், விடுமுறை. கனடாவுக்கு அதே நாள் போரில் இறந்தவர்களின் நினைவு நாள். சட்டையில் சிவப்பு பாப்பிப் பூ, காலை பதினோரு மணிக்கு மௌனம். ஒண்டாரியோவில் பொது விடுமுறையும் இல்லை. அன்று யாருக்கும் வாழ்த்துச் சொல்லிவிடாதீர்கள்.

கிறிஸ்துமஸ் போலந்தில் 24ஆம் தேதி மாலையே. முதல் நட்சத்திரம் தெரிந்ததும் பன்னிரண்டு உணவு, இறைச்சி கிடையாது, எதிர்பாராத விருந்தாளிக்கு ஒரு காலித் தட்டு. கனடாவில் 25ஆம் தேதி, மறுநாள் தள்ளுபடி விற்பனை. போலந்து ஏக்கம் வந்தால் டொராண்டோவின் ரான்சஸ்வேல்ஸ் தெருவுக்குப் போங்கள். போலிஷ் பேக்கரியும் போப் இரண்டாம் ஜான் பால் சிலையும் இருக்கும் தெரு அது.

குளிரைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். டொராண்டோ கிராகுவைவிடத் தெற்கே இருக்கிறது. டிசம்பரில் கிராகுவில் மூன்றே முக்காலுக்கு இருட்டும், இங்கே நாலே முக்காலுக்கு. அந்த ஒரு மணி நேர வெளிச்சம் மனசுக்குப் பெரிய தெம்பு. பனியும் காற்றும் மட்டும் இங்கே கூடுதல், பூட்ஸை இங்கே வந்து வாங்குங்கள்.

படி 11: முதல் ஏப்ரல்

கிளம்பிய வருடத்துக்கு இரண்டு நாட்டிலும் வரிக் கணக்கு கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் கடைசி நாள் ஏப்ரல் 30. நிறுவனங்கள் வருமானச் சான்று அனுப்புவதும் இரண்டு நாட்டிலும் பிப்ரவரிக் கடைசிக்குள். போலந்தில் வரித்துறையே கணக்கைப் போட்டு இணையத்தில் வைத்திருக்கும், உள்ளே நுழைய பழைய கைபேசி எண்ணுக்குக் குறியீடு வரும், சரிபார்த்து அனுப்பினால் போதும். கனடாவில் நீங்களே நிரப்ப வேண்டும், அல்லது மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும். வருமானமே இல்லாவிட்டாலும் கணவன் மனைவி இருவரும் கொடுங்கள். குழந்தைகளுக்கான மாத உதவித்தொகை அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் தீர்மானமாகிறது. போலந்தின் 800 போல எல்லோருக்கும் ஒரே தொகை இல்லை, வருமானம் கூடினால் குறையும்.

நாங்கள் ஓர் ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமை மேசை முழுக்க இரண்டு நாட்டுக் காகிதத்தையும் பரப்பி உட்கார்ந்தோம். போலந்து பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. கனடாப் படிவத்தின் பாதியில் காபிக்குப் பால் இல்லை என்று தெரிந்தது. "இன்னிக்கு ஞாயிறாச்சே" என்றேன் பழக்கத்தில். மனைவி பதில் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இருபது நிமிடத்தில் நாலு லிட்டர் மூட்டையோடு வந்து சேர்ந்தாள்.